எமினென்ட் என்னும் ஆங்கிலச் சொல்லும் நம் விழா மேடையும்

நம் பள்ளிகளின் ஆண்டு விழா அழைப்பிதழ்களில் தவறாமல் இடம்பெறும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அது 'எமினென்ட்' என்பதாகும். சிறப்பு விருந்தினர் மருத்துவராயின் 'எமினென்ட் டாக்டர்'. வழக்குரைஞராயின் 'எமினென்ட் அட்வகேட்'. கப்பல் முகவர் நிறுவனம் நடத்துபவராயின் 'எமினென்ட் பிசினஸ்மேன்'. அவர் வர இயலாமற்போய்க் கடைசி நேரத்தில் வேறொருவர் வருவாராயின் அவரும் எமினென்டே. வரவேற்புரை வாசிக்கும் மாணவி காகிதத்தில் பெயரை மட்டும் அடித்து மாற்றிக்கொள்கிறாள். அடைமொழியை மாற்ற வேண்டிய தேவை எழுவதில்லை. எல்லாப் பெயர்களுக்கும் இப்படிப் பொருந்திவிடுகிற ஓர் அடைமொழி, எவரைப் பற்றித்தான் என்ன சொல்கிறது?

இச்சொல்லின் பொருளை நாம் அகராதியில் பார்த்திருப்போம். 'புகழ்பெற்ற', 'தலைசிறந்த', 'மேன்மைமிக்க' என்றெல்லாம் போட்டிருக்கும். இவை தவறல்ல, ஆனால் போதா. லத்தீன் மொழியில் இதன் மூலச் சொல்லுக்கு, சுற்றியுள்ளவற்றினின்று வெளியே நீட்டிக்கொண்டு நிற்றல் என்று பொருள். ஆங்கிலத்தில் 'எமினென்ஸ்' என்றால் மேட்டு நிலம் என்றும் ஒரு பொருள் உண்டு. சமவெளியில் ஒரு மேடு இருந்தால் அதை யாரும் சுட்டிக்காட்டாமலே கண்ணுக்குத் தெரியும். ஆகவே 'எமினென்ட்' என்ற சொல்லுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள்: உயர்ந்து நிற்பவர் ஒருவர், எதிலிருந்து உயர்ந்து நிற்கிறாரோ அந்தத் தரை மற்றொன்று. அந்தத் தரை என்பது அவருடைய தொழில், அவருடைய கலை, அவருடைய துறை. அதனால்தான் ஆங்கிலத்தை நன்கு எழுதுவோர் இச்சொல்லை அடுத்து ஒரு தொழிற்பெயரை வைக்கிறார்கள். எமினென்ட் அறுவை மருத்துவர், எமினென்ட் வரலாற்றாசிரியர் என்பார்கள். 'எமினென்ட் பணக்காரர்' என்று எழுதமாட்டார்கள். பணம் வைத்திருப்பது ஒரு துறையன்று.

இதன் உறவுச் சொற்களையும் பிரித்தறிய வேண்டும். 'ஃபேமஸ்' என்றால் பலரும் அறிந்தவர். நடிகரும் ஆகலாம், வழிப்பறிக்காரனும் ஆகலாம். 'டிஸ்டிங்விஷ்ட்' என்றால் பலரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவர். அங்கே பிரித்தெடுக்கும் கை ஒன்று இருக்கிறது. தேர்வு முடிவு வந்ததும் நம் வீடுகளில் புழங்கும் 'டிஸ்டிங்ஷன்' இதன் பிள்ளைதான். 'எமினென்ட்' என்பதற்கு அப்படி ஒரு கை தேவையில்லை. அத்துறையில் வேலை செய்யும் மற்றவர்களின் கண்ணே போதும். ஒருவர் ஊரறியாதவராகவும் தம் துறையில் எமினென்டாகவும் இருக்கலாம்.

ஒலியால் வரும் குழப்பமும் உண்டு. 'இம்மினென்ட்' என்று ஒரு சொல் இருக்கிறது; ஏதோ நேரப்போகிறது, மிக அருகில் வந்துவிட்டது என்று பொருள். நம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்களே, 1 முதல் 11 வரை எண்ணிட்டு, அந்த வேளைக்குரிய சொல் அது. சிறப்பு விருந்தினரை 'இம்மினென்ட்' என்று எழுதிவிட்டால் அவரை 10-ஆம் எண் கூண்டாக்கியவர்களாவோம். 'இம்மனென்ட்' என்பது மூன்றாவது சொல். படைப்பினுள்ளேயே இறைவன் உறைந்திருப்பதைச் சொல்லும் இறையியல் சொல். இதை அருட்சகோதரியர் மறைக்கல்வி வகுப்பில் நம்மைவிட நன்றாக விளக்குவார்கள். மூன்றையும் தமிழ் நாவால் வேகமாகச் சொன்னால் ஒன்றுபோலவே ஒலிக்கும். எழுதும்போதாவது வேறுபாடு காட்டுவோம்.

நம் கரையிலேயே இச்சொல்லுக்கு உவமை கிடக்கும்போது நாம் சமவெளியையும் மேட்டையும் தேடிப் போக வேண்டியதில்லை. முத்துச் சிப்பி மணலில் வளர்வதில்லை. மன்னார் வளைகுடாவின் அடியில், மணற்பரப்புக்கு நடுவே, கடினமான பாறைத் தளங்கள் அங்கங்கே உள்ளன. அவற்றைக் கடற்கரையார் 'பார்' என்பர். சிப்பி அந்தப் பாரைத்தான் பற்றிக்கொண்டு வாழும். மேலிருந்து பார்ப்பவருக்குக் கடல் ஒரே நீலம். பார் எங்கே இருக்கிறது என்பது பல பாக ஆழம் இறங்கிப் பார்த்தவர்களுக்கும், அவர்களைக் கயிற்றில் இறக்கிப் படகில் காத்து நின்றவர்களுக்கும் மட்டுமே தெரியும். துறைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும் உயரம் என்று நாம் சொன்னது இதைத்தான்.

முத்தைத் தரம் பிரித்த முறையும் கவனிக்கத்தக்கது. துளைகளின் அளவு வேறுபட்ட பத்துப் பித்தளைத் தட்டுகளை வைத்திருந்தார்கள். 20, 30, 50 என்று தொடங்கி 1000 வரை அவற்றுக்கு எண் உண்டு. பெரிய துளைத் தட்டில் தங்கியது பெரிய முத்து. அடுத்ததில் தங்கியது அதனிலும் சிறியது. ஆனால் இத்துடன் வேலை முடிந்ததென்று எந்த வணிகரும் எழுந்து போனதில்லை. ஒவ்வொரு தட்டில் தங்கியதையும் மறுபடி துணியில் கொட்டி, கண்ணால் பார்த்து, விரலால் உருட்டிப் பிரித்தார்கள். உருட்சியும் ஒளியும் குறைவற அமைந்தது ஆணி. இரண்டிலும் குறைந்தது கலிப்பு. வளைந்து மடிந்தது மடங்கு. மிகச் சிறியவை வடிவு, தூள். பெரிய தட்டில் தங்கிய முத்து கலிப்பாகவும் இருக்கலாம். அதற்கும் கீழ்த்தட்டில் தங்கியது ஆணியாகவும் இருக்கலாம். தட்டு அளவைச் சொல்லும். ஆணி என்று சொல்ல ஆள் வேண்டும். 1961-க்குப் பின் இக்கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆயினும் 'ஆணிமுத்து' என்ற சொல்லை நம் பாட்டிமார் இன்னும் வைத்திருக்கிறார்கள். நாமோ மேடையில் தட்டின் எண்ணைப் படித்துவிட்டு, ஆணி என்று அறிவித்துக்கொண்டிருக்கிறோம். பதவி என்பது தட்டின் எண்தான்.

பட்டங்கள் மலிவதும், மலிந்தபின் புதியன தேடுவதும் திருச்சபைக்கும் புதிதன்று. கர்தினால்மாரை முற்காலத்தில் 'மிக ஒளிபொருந்தியவர்' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லால் அழைத்தார்கள். சிறு பிரபுக்களும் அதையே போட்டுக்கொள்ளத் தொடங்கியபின் அச்சொல்லுக்கு மதிப்பில்லாமற் போயிற்று. 1630-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருத்தந்தை எட்டாம் உர்பான், கர்தினால்மாருக்கு 'எமினென்ஸ்' என்ற பட்டத்தை வழங்கினார். இன்றும் அவர்களை ஆங்கிலத்தில் அப்படித்தான் அழைக்கிறோம். தமிழில் 'மேதகு' என்கிறோம். நம் அழைப்பிதழின் எமினென்டும் இந்த எமினென்ஸும் உடன்பிறப்புகள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1965 நவம்பர் 16 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவுறும் வேளையில், ஏறத்தாழ 40 ஆயர்கள் உரோமையில் தோமித்தில்லா சுரங்கக் கல்லறையில் திருப்பலி நிறைவேற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஏழையரைப் போல எளிமையாக வாழ்வது அதன் சாரம். எமினென்ஸ், எக்செலென்சி போன்ற பட்டங்களால் தங்களை அழைக்க வேண்டாம், 'தந்தை' என்றே அழைத்தால் போதும் என்பதும் அதில் ஒன்று. பெரிய பட்டங்களை உடையவர்களே அவற்றைக் கழற்றி வைத்தார்கள். நம் நாட்டிலும் 2012-இல் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி காலத்தில், உள்நாட்டு நிகழ்ச்சிகளில் 'ஹிஸ் எக்செலென்சி' என்ற வழக்கு விலக்கப்பட்டது. அதற்கெல்லாம் முன்பாகவே நம் அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கலாகாது என்று கூறிவிட்டது. அந்த இடத்தில் ஆங்கில மூலத்தில் உள்ள சொல் 'டிஸ்டிங்ஷன்'தான் என்பதை மாணவியர் குறித்துக்கொள்ளலாம். பத்மஸ்ரீ போன்ற விருதுகளும் பட்டங்கள் அல்ல, பெயருக்கு முன்னோ பின்னோ அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. இருந்தும் அழைப்பிதழ்களில் பார்க்கிறோமே!

நம் ஊரில் உண்மையாகவே எமினென்ட் என்று சொல்லத்தக்கவர் எவர் என்று கேட்டால், பதில் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. 'எதில்?' என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் போதும்.

நகர நடுவே சிலையாக நிற்கும் குரூஸ் பர்னாந்து அவர்களை எடுத்துக்கொள்வோம். ஆங்கில அரசு அவருக்கு 'ராவ் பகதூர்' என்ற பட்டம் தந்தது. அப்பட்டம் பெற்றோர் அந்நாளில் பலர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் இன்று அவர்கள் ஊரிலேயே தெரியாது. குரூஸ் பர்னாந்து நினைவில் நிற்பது, நகராட்சித் தலைவராக இருந்து, குடிநீருக்குத் தவித்த இவ்வூருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்ததால். எதில் எமினென்ட்? நகராட்சி நிர்வாகத்தில். ஒரு குடம் தண்ணீரின் அருமையை உப்புக்கரையில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

வ. உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதையும், 1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றதையும், கோவைச் சிறையில் செக்கிழுத்ததையும் நாம் பாடமாகப் படித்திருக்கிறோம். 1912 இறுதியில் விடுதலையாகி வெளியே வந்தபோது சிறை வாசலில் வரவேற்கக் கூட்டமில்லை. வழக்குரைஞர் உரிமமும் பறிபோயிருந்தது. வறுமையோடு வாழ்ந்து 1936-இல் இதே தூத்துக்குடியில் மறைந்தார். அந்த 24 ஆண்டுகளில் எந்தப் பள்ளியாவது தன் விழாவுக்குச் சிறப்பு விருந்தினரைத் தேடியிருந்தால், பதவியும் செல்வமும் பார்த்துத்தான் தேடியிருக்கும். நம் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது 2011-இல். மேடு எப்போதும் இருந்தது; பார்ப்பவர்களுக்கு அத்தனை காலம் ஆயிற்று.

இன்னும் இருவரைச் சொல்ல வேண்டும். போர்த்துக்கல் நாட்டினரான அண்டிரிக் அடிகளார் இக்கரையில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, மீனவ மக்களிடம் தமிழ் கற்று, தமிழுக்கு இலக்கணக் குறிப்பு எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான, 16 பக்கமே கொண்ட 'தம்பிரான் வணக்கம்' அவர் மொழிபெயர்த்தது. இந்திய மொழியின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல்களுள் அது தலையாயது. 1600-இல் அவர் மறைந்தார். பனிமய மாதா கோயிலில் அடக்கமானார். கோயிலுக்குப் போகும்போது நம்மில் எத்தனை பேர் அவரை நினைக்கிறோம்? மற்றவர் விஞ்ஞானி கே. அழகர்சாமி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அவர், 1973-இல் தூத்துக்குடியில், சிப்பிக்குள் கரு பதித்து உருண்டையான முத்தை வளர்த்துக் காட்டினார். இந்தியாவில் அதுவே முதல் வெற்றி. ஜப்பானியரின் தொழில் இரகசியமாக இருந்த ஒன்று நம் கடற்கரைக் கொட்டகையில் கைகூடியது. ஆனாலும் முத்து நகரப் பிள்ளைகளாகிய நம்மிடம் எமினென்ட் விஞ்ஞானி ஒருவரைச் சொல்லச் சொன்னால், நாம் சொல்லும் பெயர்களில் அவர் பெயர் வருவதில்லை.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்று சிலர் கேட்கலாம். வீதியில் 'பெரும்புள்ளி' என்கிறோம். அது பணத்தையும் செல்வாக்கையும் மட்டுமே குறிக்கும், கொஞ்சம் கேலியும் சேர்ந்து. பழந்தமிழ் தந்த சொல் 'சான்றோர்'. சால் என்றால் நிறைதல். ஆங்கிலச் சொல் ஒருவருடைய உயரத்தை அளக்கிறது. நம் சொல் நிறைவை அளக்கிறது. திருவள்ளுவர் சான்றாண்மைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியதை நாம் அறிவோம். இரண்டும் ஒன்றல்ல. உயர்ந்தவர் எல்லாரும் நிறைந்தவர் ஆகமாட்டார். ஆகையால் 'எமினென்ட்' என்பதைச் 'சான்றோர்' என்று பெயர்ப்பதும் நமக்கு உடன்பாடில்லை. 'தம் துறையில் தலைநின்றவர்' என்று விரித்துச் சொல்வதே நேர்மை.

இத்தனை சொல்லுக்கு என்ன அவசியம், ஓர் அழைப்பிதழ்ச் சொல்தானே என்று பெற்றோர் எண்ணலாம். அவசியம் இருக்கிறது. வகுப்பில் 'எமினென்ட் மனிதர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதுக' என்று பணித்தால், பிள்ளைகள் எழுதுவது கோனார் உரையிலோ கைபேசியிலோ கிடைக்கும் அதே நாலைந்து பேரைப் பற்றித்தான். நம் வகுப்புகளில் உப்பள வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் இருக்கிறார்கள். சங்கு குளிப்பவரின் பிள்ளைகள் இருக்கிறார்கள். தோணியில் போகும் தண்டலின் பேத்தியும் இருக்கிறாள். ஆண்டுதோறும் மேடையில் பொன்னாடை போர்த்தப்படுபவர்களைப் பார்த்துப் பார்த்து, உயரம் என்பது வெளியூரிலிருந்து காரில் வந்து இறங்குவது என்று அவர்கள் மனத்தில் பதிந்துவிடுகிறது. தன் வீட்டுத் தொழிலில் உயரம், தாழ்வு, நுட்பம், தேர்ச்சி எதுவுமே இல்லை, அது வெறும் பிழைப்பு என்று ஒரு பெண்குழந்தை பதினைந்து வயதில் முடிவு கட்டிவிட்டால், அந்த நட்டத்தை எந்த மதிப்பெண்ணும் ஈடுகட்டாது.

அதற்காக உழைப்பவர் அனைவரையும் எமினென்ட் என்று கூறவேண்டும் என்பது நம் கருத்தன்று. அப்படிச் செய்தால் அழைப்பிதழ் செய்த அதே பிழையை நாமும் மறுபக்கத்திலிருந்து செய்வோம். உப்பளத்தில் வெயிலில் நிற்கும் எல்லாத் தாய்மாரும் நம் மரியாதைக்கு உரியவர்கள். அவர்களுக்குள்ளேயும் ஒருவரை மற்றவர்கள் தனித்துச் சுட்டுவார்கள். பாத்தி நீர் ஏறத்தாழ 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். கருவியை முக்கிப் பார்க்குமுன்பே, நீரின் தோற்றத்தைக் கண்டு, நாளைக்கு வாரலாமா கூடாதா என்று சொல்லிவிடும் கண் ஒரு சிலருக்கே வாய்க்கிறது. அதுபோலத் தோணிக்காரர்களைக் கேட்டால், நல்ல தண்டல் யார் என்று தயங்காமல் ஒரு பெயரைச் சொல்வார்கள். சொல்பவர்கள் அவரோடு காற்றிலும் மழையிலும் போனவர்கள். இப்படித் துறைக்குள் இருப்பவர்கள் கைகாட்டும் ஒருவரைத் தேடிப் போய், 'எதில்?' என்று கேட்டு, பதிலை எழுதிவரும்படி மாணவியரை அனுப்பினால் கட்டுரையும் வேறாகும், எழுதுபவளும் வேறாவாள்.

விருந்தினரை உயர்த்திச் சொல்வது தமிழ்ப் பண்பல்லவா என்று ஒரு மறுப்பு வரும். ஆம், பண்புதான். இலை போட்டு உபசரிப்பதும் மாலையிடுவதும் பண்பே; அவற்றில் குறை வைக்க வேண்டியதில்லை. அடைமொழியில் மட்டும் உண்மை வேண்டும் என்கிறோம். முப்பது ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்த்த ஒரு மருத்துவரை அழைத்து வந்து, அந்த முப்பது ஆண்டுகளைச் சொல்லாமல், வந்தவர் போனவர் எல்லாருக்கும் கொடுத்த ஒரு சொல்லை அவருக்கும் கொடுத்து உட்கார வைப்பது எப்படி மரியாதையாகும்? அவரால்தான் இவ்வூரில் தாயும் சேயும் பிழைத்தார்கள் என்று ஒரு வரி சொன்னால், கடைசி வரிசையில் இருக்கும் ஆயாவும் நிமிர்ந்து பார்ப்பார்.

ஆகவே விழாக் குழுவினருக்கு நம் வேண்டுகோள் இது. அடுத்த ஆண்டு அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விடுங்கள். அவர் எந்தத் துறையில் என்ன செய்தார் என்பதை அதில் எழுதுங்கள். வரவேற்புரை எழுதும் மாணவி அவரையோ அவருடன் பணியாற்றியவரையோ முன்கூட்டியே சந்தித்து அதைக் கேட்டு வரட்டும். எழுத ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் 'திரு' என்றோ 'திருமதி' என்றோ போட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு வரி மிச்சமென்று அச்சகத்தாரும் மகிழ்வார்.